கிரில்லுக்கும் ஸ்மோக்கருக்கும் மரக்கரி தேர்ந்தெடுப்பது எப்படி? மூட்டையைத் தூக்குவது முதல் மிச்சக் கரியை எடுத்துவைப்பது வரை

கரியில் சமைக்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த மரத்துக் கரி நல்லது?" என்றுதான். பலரோடு கிரில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. என்ன வேலைக்குக் கரி வேண்டும், அதற்கு எந்த அளவுத் துண்டு வேண்டும், கரி உள்வரைக்கும் வெந்திருக்கிறதா என்ற மூன்றும் தெளிவான பிறகுதான் மரத்தின் பெயர். இந்த வரிசை மாறும்போது, விலை கூடிய கரி வாங்கியும் நெருப்பு பாதியில் படுத்துவிடுகிறது, அல்லது இறைச்சி கசந்துபோகிறது.

இங்கே கரி என்று நான் சொல்வது மரக்கட்டையை அப்படியே கரியாக்கிய கட்டிக்கரியை. தூளை மாவுப் பசை சேர்த்து அச்சில் அழுத்திச் செய்யும் பிரிக்கெட் வேறு. அது தேவைப்படும் இடத்தை அந்தந்தப் படியில் சொல்கிறேன்.

## 1. கரி வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிம்னி ஸ்டார்ட்டர் ஒன்று. அடியில் காகிதம் வைத்துக் கொளுத்தும் உலோகக் குழாய் அது. இது இல்லாமல் கரியை எரித்துத் தரம் சோதிப்பது கடினம். திரவ எரிபொருள் ஊற்றிப் பற்றவைத்தால் எந்த வாடை கரியுடையது, எந்த வாடை எண்ணெயுடையது என்று மூக்குக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நீளமான கிடுக்கி, வெப்பம் தாங்கும் கையுறை, சமையலறைத் தராசு, மூடி போட்ட இரும்பு வாளி, ஏறக்குறைய 2 செ.மீ. கண்ணுள்ள சல்லடை அல்லது கம்பி வலைத் துண்டு ஆகியவையும் வேண்டும். ஸ்மோக்கர் (இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் மூடிய அடுப்பு) வேலைக்கு, இறைச்சி வைக்கும் தட்டின் மட்டத்தில் வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர் கட்டாயம். மூடியில் பதித்து வரும் முள் காட்டுவது மூடியருகே இருக்கும் வெப்பத்தை. இறைச்சி இருக்கும் இடத்தின் கணக்கு அதில் வராது.

இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். கரி எரியும்போது நிறமும் வாடையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வெளியேறும். மழை வந்துவிட்டது என்று தணலோடு கிரில்லை வீட்டுக்குள்ளோ, கார் நிறுத்தும் அறைக்குள்ளோ இழுத்துவைக்கக் கூடாது. அணையப்போகும் தணலும் இந்த வாயுவைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும்.

## 2. வேலையை முடிவுசெய்யுங்கள்

கரி வேலை இரண்டு வகை. ஒன்று, நேர்த்தணல்: மெல்லிய துண்டுகளைத் தணலுக்கு நேர் மேலே வைத்துச் சில நிமிடங்களில் சுட்டு எடுப்பது. தட்டின் மட்டத்தில் 230 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் வேண்டும். ஆனால் அரை மணி நேரம் நின்றால் போதும்.

இன்னொன்று, புகைச்சமையல்: பெரிய, கடினமான இறைச்சித் துண்டை 105 முதல் 135 டிகிரிக்குள் பல மணி நேரம் வைத்திருப்பது. இங்கே உச்ச வெப்பம் பெரிதில்லை. ஒரே அளவில் நீண்ட நேரம் நிற்பதுதான் முக்கியம்.

இதை முதலில் முடிவுசெய்யச் சொல்வதற்குக் காரணம், இரண்டுக்கும் வேறு வேறு அளவுத் துண்டுகள் வேண்டும் என்பதுதான். நேர்த்தணலுக்குக் கோழிமுட்டை அளவுத் துண்டு போதும். சீக்கிரம் பற்றும், தட்டுக்கு அடியில் இடைவெளி இல்லாமல் பரவும். புகைச்சமையலுக்கு முஷ்டி அளவும் அதற்கு மேலும் வேண்டும். பெரிய துண்டில் எடைக்கு ஏற்ற மேற்பரப்பு குறைவு என்பதால் மெதுவாகத்தான் எரியும்.

அடுப்பையும் கணக்கில் எடுங்கள். பீங்கான் சுவர் கொண்ட காமாடோ அடுப்பு காற்றை இறுக்கமாகக் கட்டுப்படுத்தும். கொஞ்சம் கரியில் நெடுநேரம் ஓடும், ஆனால் சாம்பலும் தூளும் அடைத்தால் உடனே மூச்சு முட்டும். அதற்குச் சாம்பல் குறைவான கட்டிக்கரியே பொருத்தம். மெல்லிய தகட்டில் செய்த கெட்டில் கிரில்லில் கரியை ஓரமாகப் பாம்புபோல் அடுக்கி ஒரு முனையில் பற்றவைக்கும் முறை உண்டு. அதற்கு ஒரே அளவுத் துண்டுகள் தேவை என்பதால் பிரிக்கெட் வாங்கிவிடுங்கள். கோணல்மாணலான கட்டிக்கரியை வைத்து அதைச் செய்யப் போனால் ஒரு இடத்தில் நெருப்பு தாவும், இன்னொரு இடத்தில் அறுந்துபோகும்.

## 3. மூட்டையில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

மூன்று விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்: மரத்தின் பெயர், நிகர எடை, எதையாவது கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்களா என்பது. மரத்தின் பெயர் போடாமல் "கடினமரம்" என்று மட்டும் இருந்தால் கலவைக் கரி என்று எடுத்துக்கொள்ளலாம். கலவை என்பதாலேயே அது கெட்டது ஆகிவிடாது. ஆனால் மூட்டைக்கு மூட்டை நடத்தை மாறும்.

சில மூட்டைகளில் கார்பன் அளவு போட்டிருக்கும். நன்றாக வெந்த சமையல் கரியில் நிலைக்கார்பன் ஏறக்குறைய 75 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். மீதி, ஆவியாகிப் போகும் பொருள்களும் சாம்பலும். ஆவியாகும் பங்கு கூடினால் சீக்கிரம் பற்றும், கூடவே புகையும் கூடும். இந்த எண் போடாத மூட்டையை ஒதுக்கிவிடத் தேவையில்லை. 6ஆம் படியில் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

## 4. கடையிலேயே மூட்டையைத் தூக்கிப் பாருங்கள்

இரு கையாலும் மூட்டையைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பிசைந்து பாருங்கள். கட்டி கட்டியாகத் தட்டுப்பட வேண்டும். மணல்பைபோல் நெகிழ்ந்து கொடுத்தால் அடியில் தூள் தேங்கியிருக்கிறது. ஒரே அடுக்கில் இருக்கும் மூட்டைகளிலேயே வித்தியாசம் இருக்கும். மேலே இருப்பவற்றைவிட, மற்ற மூட்டைகளின் பாரத்தைச் சுமந்துகொண்டு அடியில் கிடந்தவை அதிகம் நொறுங்கியிருக்கும்.

மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்துக் காது கொடுங்கள். ஓட்டாஞ்சில்லு உரசும் சத்தம் கேட்டால் நல்ல கரி. சொத சொதவென்று ஓசையே இல்லாமல் சரிந்தால் தூள், அல்லது ஈரம். காகித மூட்டையில் தண்ணீர்க்கறையோ உப்பிக் காய்ந்த சுருக்கமோ இருந்தால் தொடவே வேண்டாம். கரி ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே நெருப்பின் முதல் பங்கு வீணாகிவிடும், பொறியும் பறக்கும்.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தள்ளுபடி என்று முதல் நாளே நான்கு மூட்டை வாங்கிவிடுவார்கள். ஒரு மூட்டை வாங்கி, சோதித்து, பிடித்திருந்தால் மறுபடி போய் வாங்குங்கள்.

## 5. மூட்டையைக் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத்தான் பத்தில் ஒன்பது பேர் தாண்டிவிடுகிறார்கள். நெருப்பு பாதியில் படுப்பதற்கு நான் பார்த்தவரை இதுவே முதல் காரணம்.

நண்பர் ஒருவர் முதல்முறையாக எட்டு மணி நேரச் சமையலுக்கு இறங்கினார். மூட்டையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து ஸ்மோக்கரை நிரப்பினார். முதல் இரண்டு மணி நேரம் முள் 115இல் அசையாமல் நின்றது, அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மூன்றாவது மணியில் 100, பிறகு 90. காற்றுத் துளையை முழுக்கத் திறந்தும் ஏறவில்லை. இறைச்சியை வெளியே எடுத்துவைத்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் பார்த்தோம். அடிக்கம்பிகளின் இடைவெளி முழுவதையும் பொடிக்கரி அடைத்து, அதன்மேல் சாம்பல் படிந்து, அடைபோல் இறுகிக் கிடந்தது. அதற்கு மேலே இருந்த நல்ல கட்டிகள் பாதிகூட எரியவில்லை. கரியில் எந்தக் குறையும் இல்லை, காற்றுக்குத்தான் வழி இல்லை.

அதனால், ஒரு பழைய தார்ப்பாயை விரித்து மூட்டையைக் கொட்டுங்கள். முஷ்டி அளவுக்கு மேல் ஒரு குவியல், முட்டை அளவு ஒரு குவியல், மீதியைச் சல்லடையில் இட்டுச் சலித்தால் மேலே தங்குகிற சில்லுகள் ஒரு குவியல். சல்லடைக்குக் கீழே விழுந்த தூள் தனி. ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதிவையுங்கள். என் கணக்கு இது: 10 கிலோ மூட்டையில் சில்லும் தூளும் சேர்ந்து 1 கிலோவுக்குள் இருந்தால் நல்ல மூட்டை. 2 கிலோவைத் தாண்டினால், எந்தப் பெயர் போட்டிருந்தாலும் அடுத்தமுறை வாங்க மாட்டேன்.

சில்லைத் தூக்கிப் போட வேண்டாம். நேர்த்தணல் சமையலில் சிவந்த கங்குகளின்மேல் ஒரு கை அள்ளிப் போட்டால் சட்டென்று வெப்பம் ஏறும். தூளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

பிரிக்கும்போதே கண்ணை ஓட்டிக்கொண்டிருங்கள். கல், ஆணி, கம்பி, பிளாஸ்டிக் எதுவும் மூட்டைக்குள் வரலாம். கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். எல்லாப் பக்கமும் ரம்பத்தில் அறுத்ததுபோல் நேராகவும், பலகைபோல் ஒரே தடிமனிலும் இருக்கும் துண்டுகள் மரவேலைக் கழிவிலிருந்து வந்தவை. சுத்தமான மரமென்றால் பாதகமில்லை. ஆனால் அடுக்கடுக்காகப் பிரியும் பிளைவுட் தடம், பசைக்கோடு, சாயத்தின் மிச்சம் தெரிந்தால் அந்தத் துண்டை வீசிவிடுங்கள். நிறையத் தெரிந்தால் மூட்டையையே திருப்பிக் கொடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரங்களில் ஆர்சனிக் சேர்த்த வகையும் உண்டு. அது நெருப்பில் அழிந்துபோகிற பொருள் இல்லை.

## 6. வெந்த கரியா, வேகாத கரியா?

மரத்தைக் காற்று படாமல் மூடிச் சூடேற்றும்போது முதலில் நீர் போகும், பிறகு தாரும் புகையும் போகும், கடைசியில் கார்பன் மிஞ்சும். 450, 500 டிகிரி வரை போய் இறங்கிய கரி நன்றாக வெந்த கரி. 300ஐ ஒட்டியே நின்றுவிட்டால் நடுவில் மரம் மரமாகவே இருக்கும். கரி சுடும் மூட்டத்தின் ஓரத்தில் கிடந்த துண்டுகளுக்குத்தான் பெரும்பாலும் இந்தக் கதி.

பெரிய துண்டுகள் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். கண்ணாடி வளையல் மோதுவதுபோல் கணீரென்று வந்தால் வெந்த கரி. விறகைத் தட்டுவதுபோல் டொக்கென்று வந்தால் சந்தேகப்படுங்கள். அதைத் தரையில் ஓங்கிப் போட்டு உடையுங்கள். வெந்த கரி சட்டென்று முறியும், முறிந்த முகம் மினுமினுவென்று கருத்து, ஆண்டு வளையங்கள்கூடத் தெரியும். வேகாதது நார் நாராகக் கிழியும், நடுவில் காப்பித்தூள் நிறம் தெரியும், மோந்து பார்த்தால் தார் வாடை அடிக்கும்.

ஒரு மூட்டையில் இப்படி நாலைந்து துண்டு இருப்பது சகஜம். அவற்றைத் தனியே எடுத்து, சிம்னியில் முதலில் பற்றவைக்கும் கரியோடு போட்டுவிடுங்கள். இறைச்சி ஏறும் முன்பே அவற்றின் புகை தீர்ந்துவிடும். புகைச்சமையலில் மட்டும் அவற்றைப் பற்றாத கரியோடு கலந்துவிடாதீர்கள். அங்கே கரி மணிக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டே போகும். ஐந்தாவது மணியில் ஒரு வேகாத துண்டு பற்றினால் அதன் கசப்புப் புகை முழுக்க இறைச்சியில்தான் இறங்கும்.

## 7. இப்போது மரத்தின் பெயர்

ஓக், சீமைக்கருவேலத்தின் இனமான மெஸ்கீட், தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ போன்ற வைரம் பாய்ந்த மரங்களின் கரி கனமானது, நின்று எரியும். லேசான மரங்களின் கரி சீக்கிரம் பற்றி சீக்கிரம் தீரும். இரண்டு மூட்டையிலிருந்தும் ஒரே அளவுத் துண்டுகளைக் கைக்கு ஒன்றாக எடுத்தாலே இது தெரிந்துவிடும்.

மெஸ்கீட் வகைக் கரி நல்ல சூடு தரும், ஆனால் பற்றும்போது பட்டாசு மாதிரி பொறி தெறிக்கும். காய்ந்த புல், துணிப்பந்தல் அருகில் அதைக் கொளுத்தாதீர்கள். பட்டை உரிக்காத கரியிலும் பொறி கூடுதல், சாம்பலும் கூடுதல். ஜப்பானில் செய்யும் 'பிஞ்சோத்தான்' என்ற கரி இந்த வரிசையின் மறுகோடி. ஏறக்குறைய 1000 டிகிரி வரை ஏற்றிச் செய்வதால் உலோகம்போல் ஒலிக்கும், புகை மிகக் குறைவு. ஆனால் பற்றவைக்கப் பொறுமை வேண்டும். முதல் மூட்டையாக அதை வாங்க வேண்டாம்.

"பழமரக் கரி போட்டால் இறைச்சியில் பழமர மணம் வருமா?" என்றும் கேட்பார்கள். நன்றாக வெந்த கரியில் மரத்தின் மணப்பொருள்கள் பெரும்பாலும் மூட்டத்திலேயே போய்விட்டன. மணம் வேண்டுமென்றால் காய்ந்த விறகுத் துண்டுகள் இரண்டு மூன்றைக் கரியோடு வையுங்கள்.

## 8. ஒரு கிலோ வைத்துச் சோதனை

இறைச்சி இல்லாமல் ஒருமுறை கரியை மட்டும் எரித்துப் பாருங்கள். முட்டை அளவுத் துண்டுகள் சரியாக 1 கிலோ எடைபோட்டுச் சிம்னியில் நிரப்பி, அடியில் இரண்டு தாள் கசக்கி வைத்துக் கொளுத்துங்கள். நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்துண்டுகளின் ஓரம் வெளுக்க 15 முதல் 20 நிமிடம் ஆவது இயல்பு. அதற்குள் வெள்ளைப்புகை அடங்கி, சிம்னிக்கு மேலே காற்று கானல்போல் நெளிவது மட்டும் தெரிய வேண்டும். 25 நிமிடத்துக்குப் பிறகும் வெள்ளைப்புகை குபுகுபுவென்று வந்தால் ஈரம், அல்லது வேகாத கரி. புகையின் வாடையைக் கவனியுங்கள். விறகு வாடை சரி. பெயின்ட், பிளாஸ்டிக் வாடை வந்தால் அந்த மூட்டையில் சமைக்கவே வேண்டாம்.

தணலைக் கிரில்லில் பரப்பி முழுக்க எரிய விடுங்கள். மறுநாள், சாம்பல் நன்றாக ஆறிய பிறகு எடைபோடுங்கள். 20 முதல் 40 கிராம் வந்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் பட்டையோ மண்ணோ கலந்திருக்கிறது. காமாடோவில் நெடுநேரச் சமையலுக்கு அந்தக் கரி உதவாது.

## 9. நேர்த்தணலுக்கு அடுக்குவது

சிம்னியில் பற்றிய கரியைக் கிரில்லின் ஒரு பாதியில் மட்டும் கொட்டுங்கள். மறுபாதி காலியாக இருக்கட்டும். கட்டிக்கரியின் தணல் ஒரே சீராக இருக்காது. ஒரு இடம் கொதிக்கும், பக்கத்து இடம் தணிந்திருக்கும். கருக ஆரம்பித்தால் இறைச்சியை நகர்த்த அந்தக் காலியிடம் வேண்டும். கங்கின்மேல் நீறு பூத்த பிறகே தட்டை வைத்து, ஐந்து நிமிடம் சூடேறவிட்டு, அதன்பின் இறைச்சி.

## 10. புகைச்சமையலுக்கு அடுக்குவது

முஷ்டி அளவுத் துண்டுகளைக் கையால் ஒவ்வொன்றாக அடியில் வையுங்கள். கம்பி இடைவெளிகளுக்குக் குறுக்காக வைத்தால் காற்றுப் பாதை திறந்திருக்கும். அவற்றின் இடுக்குகளில் முட்டை அளவுத் துண்டுகள். சில்லு வேண்டவே வேண்டாம். மேலே நடுவில் சின்னக் குழி விட்டு, சிம்னியில் பற்றவைத்த எட்டு, பத்துக் கங்குகளை மட்டும் அதில் வையுங்கள். மூட்டை முழுவதையும் பற்றவைத்துவிட்டுக் காற்றை அடைத்து வெப்பத்தை இறக்கிவிடலாம் என்று நினைப்பது பெரும் தவறு. காற்றில்லாமல் அரைகுறையாய் எரியும் தணல் அழுக்குப் புகையைத்தான் தரும்.

வெப்பம் ஏறும்போதே பிடித்துவிடுங்கள். இலக்கு 115 என்றால் 95இலேயே துளைகளைப் பாதியாக மூடத் தொடங்குங்கள். பீங்கான் அடுப்பு ஒருமுறை 150க்குப் போய்விட்டால் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதன் மூடியைத் திறக்கும்போது முதலில் இரண்டு விரல் அளவு தூக்கி, சற்று நிறுத்தி, பிறகு திறங்கள். காற்றுக்கு ஏங்கிக் கிடந்த தணலுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் சுவாலை முகத்துக்கே வரும்.

பக்கத்தில் நிற்கும் ஆர்வக்காரர் ஒருவராவது இந்தக் கட்டத்தில், "அண்ணே, புகை நல்லா வருதே, ஏத்திடலாமா?" என்று கேட்பார்.

"இல்லப்பா, வெள்ளையா இருக்கு பாரு. இன்னும் அரை மணி நேரம் போகட்டும்."

அடர்ந்த வெள்ளைப்புகை போய், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய நீலப்புகை வரும்வரை காத்திருங்கள். புகை வெளியேறும் இடத்தில் உள்ளங்கையை ஒரு கணம் காட்டி எடுத்து மோந்து பாருங்கள். கண்ணைக் கரிக்கும் காட்டம் இருந்தால் அதே காட்டம் இறைச்சியிலும் ஏறும்.

## 11. மிச்சக் கரியும் சேமிப்பும்

சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுடுநீராவி கையைப் பொசுக்கும், பீங்கான் விரிசல் விடும், கரி நனைந்து வீணாகும். மேலும் கீழும் துளைகளை முழுக்க அடைத்துவிட்டால் தணல் தானாக அணையும். மறுமுறை கம்பியால் கிளறிச் சாம்பலை உதிர்த்துவிட்டு, தேறிய கரியைப் பற்றவைக்கும் பங்கோடு சேருங்கள். ஏற்கெனவே ஒருமுறை சூடேறியது என்பதால் சீக்கிரம் பற்றும், புகையும் குறைவு. அளவில் சிறுத்துவிட்டதால் நெடுநேரச் சமையலின் அடியில் மட்டும் வைக்காதீர்கள்.

சாம்பலுக்குள் கங்கு இரண்டு நாள்வரைகூட உயிரோடு இருக்கும். அதைக் குப்பைத்தொட்டியில் கொட்டாமல், மூடியுள்ள இரும்பு வாளியில் 48 மணி நேரம் கட்டாந்தரையில் வைத்திருந்து பிறகு அப்புறப்படுத்துங்கள். புதுக் கரிக்கு வேறு வாளி. அதையும் மூடி, தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். வாளியின்மேல் வாங்கிய தேதி, தூளின் எடை, சாம்பலின் எடை மூன்றையும் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். அடுத்த மூட்டை வாங்கப் போகும்போது இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும்.